வால் வாயைத் திறக்கக் கூடாது

இஞ்சாருங்கோ,

சட்டியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு இருக்கிறது. நேற்று நீங்கள் கோபித்துக்கொண்டு தொடாமல் போன அதே கிழங்குதான். நான் சூலியா தெருவுக்கு, அரிசி வரிசையில் நிற்கப் போகிறேன்.

உங்கள் ஆபீஸ் பியூன் ஹபீப் வந்து போனார். "அக்கா, நம்ம ஆபீஸ் பெரிய தொரை, ஜப்பான் துவான், நாலு மணிக்கு இங்க வர்றாரு. அண்ணன் எழுதுற டிராகன் கதையக் கேக்கணுமாம்லா" என்றார். ஆபீஸில் பெருமையடித்தீர்களே, அனுபவியுங்கோ.

நம் ஊரைப் பிடித்து ஆளும் அவர்களுக்கு டிராகன் மழை தரும் தெய்வமாம். உங்கள் டிராகனோ எட்டு ஊரை எரிக்கிறது. கதை சொல்லும் அதன் வால், ஒவ்வொரு ஊரிலும் "நான் பின்னால்தானே வந்தேன்" என்று சாக்குச் சொல்கிறது. அந்த வால் யார் என்று கேட்டதற்குத்தானே நேற்று அவ்வளவு கோபம்?

நாலு மணிக்குள் மழை பெய்யும் அத்தியாயம் ஒன்று எழுதிவிடுங்கோ. அதில் வால் வாயைத் திறக்கக் கூடாது.

செல்வநாயகி

பி.கு.: எரிந்த ஊரை வால் திரும்பிப் பார்க்கும் இடத்தில் அழுதுவிட்டேன். நேற்றே சொல்லியிருப்பேன், நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

நீங்கள் இதுவரை எழுதிய கதைத் தாள்கட்டைத் தேடாதேங்கோ. அரிசிப் பானைக்குள் ஒளித்திருக்கிறேன். நம் வீட்டு அரிசிப் பானையில் ஏதாவது இருக்கும் என்று நினைக்க இந்தத் தெருவில் ஒருவருமில்லை.