அண்டாவின் இன்னொரு காது

வெள்ளி, 3 நவம்பர் 1961

விடியும்வரை மழை. பின்வாசலில் ஓடு ஒன்று நகர்ந்திருக்கிறது, ஆள் பார்க்க வேண்டும்.

நான் விழவில்லை. உட்கார்ந்தேன். தெரு முழுக்க "சிஸ்டரம்மா தலை சுத்தி விழுந்துட்டாங்க" என்று பேச்சு. தலை சுற்றவில்லை. மயக்கமும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டேன், சீராக இருந்தது. புதன் காலை, மழைத் தண்ணீர் பிடித்த அண்டாவின் பக்கத்தில், ஈரத் தரையில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மீனாட்சி கிணற்றடியில், என் காதில் விழும்படியாகவே: "நாந்தான் அள்ளித் தூக்குனேன். இல்லாட்டி அங்கிட்டே கெடந்திருப்பாங்க, பாவம்."

தூக்கியது உண்மை. அக்குளில் கையை விட்டு இழுத்தாள். ஆளை அப்படித் தூக்கக் கூடாது. பயிற்சிக்கு வந்த பெண் யாராவது அப்படிச் செய்திருந்தால் அன்று முழுக்க அவளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்திருப்பேன்.

நன்றி சொன்னேன். சொல்ல வேண்டியது.

நேற்று கல்லறைத் திருநாள். இடுப்பு வலி, போகவில்லை. என் வீட்டுக்காரருக்கு இங்கேயே மெழுகுவர்த்தி.

வெள்ளி, கறி இல்லை. ரசம், சுட்ட அப்பளம். சீயக்காய் தீர்ந்தது.

சனி, 4

தூறல். துணி காயவில்லை, வாடை.

இங்கேயாவது உள்ளதை எழுதிவைக்கிறேன். வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

அண்டா நிறைந்திருந்தது. கூரை இறவாணத்தின் கீழிருந்து உள்ளே நகர்த்த வேண்டும். குனிந்தேன். என் பக்கத்துக் காதைப் பிடித்தேன். "ஒண்ணு, ரெண்டு" என்றேன். தூக்கினேன், என் பக்கத்தை மட்டும். அந்தப் பக்கத்தை ஆமினா தூக்குவாள் என்று கை நினைத்துவிட்டது. அண்டா சாய்ந்து தண்ணீர் முழுக்க என் மடியில்.

புத்தி தடுமாறவில்லை. ஆமினா கோட்டைப்பட்டினத்தில் தம்பி மகன் வீட்டில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் நான் நர்ஸ், அவள் ஆயா. சமஸ்தான காலத்தில் சேர்ந்தோம், சமஸ்தானம் போன பிறகும் இருந்தோம். பிரசவ அறையிலிருந்து வார்டுக்குத் தள்ளுவண்டி கிடையாது. தாயை விரிப்போடு தூக்கிக்கொண்டு போக வேண்டும். தலைப்பக்கம் நான், கால்பக்கம் அவள். ஒருநாளும் மாறி நின்றதில்லை. ஒண்ணு, ரெண்டு. மூணு என்று நான் சொன்னதே இல்லை. ரெண்டுக்குப் பிறகு ஒரு மூச்சு, அந்த மூச்சில் இருவரும் தூக்குவோம். தூக்கியது தாய்க்கே தெரியாது.

தலைப்பக்கம்தான் கனம். என் வலது தோள் போனது அங்கேதான். இப்போது கை தோளுக்கு மேல் எழாது. ஆமினா வார்டுத் தரையை மண்டியிட்டுக் கழுவியவள். அவளுக்கு முழங்கால் போனது.

நான் படித்த கான்வென்ட்டில் முதுகு வளையாமல் உட்காரப் பழக்கினார்கள். அந்த முதுகு இன்னும் நேராக இருக்கிறது. அதற்கு மேல் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஞாயிறு, 5

பூசைக்குப் போகவில்லை. மகள் லூர்து வந்துவிட்டாள், மாப்பிள்ளையும். திருச்சியிலிருந்து முதல் பஸ். மீனாட்சி கார்டு போட்டிருக்கிறாள்.

லூர்துவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. என்னிடம் வளர்ந்தவள். துணிக்கொடி இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருப்பதைப் பார்த்தாள். உப்பு ஜாடி அலமாரியிலிருந்து தரைக்கு வந்திருப்பதைப் பார்த்தாள். வாளியில் கால்வாசித் தண்ணீர்.

"ஏம்மா, கொடி இவ்வளவு தாழ்வா இருக்கு?"

"காத்து கீழதான் அடிக்குது."

"எங்க, கையைத் தூக்குங்க பாப்போம்."

"உன்னைத் தூக்கி வளத்த கைதான். பரிசோதனை எல்லாம் வேண்டாம்."

மாப்பிள்ளை நல்லவர். அதுதான் சிரமம். "அத்தை, நம்ம வீட்ல குழாய்த் தண்ணி. நீங்க ஒரு செம்புகூடத் தூக்க வேணாம். எல்லாம் கட்டிலுக்கே வந்துடும்."

வரும். தெரியும். போன கோடையில் அங்கே இருந்தபோது காபி கட்டிலுக்கு வந்தது, சோறு கட்டிலுக்கு வந்தது, வாய் கொப்பளிக்கக் கிண்ணம் வந்தது. ஊருக்குத் திரும்பி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் நடுங்கியது. படுத்தவரைப் படுக்கவிட்டால் என்ன ஆகும் என்று வார்டில் கண்ணால் கண்டவள் நான்.

சாப்பிட்டு முடித்ததும் லூர்து: "தனியா விட மாட்டேம்மா. ஒண்ணு எங்ககூட வாங்க, இல்ல, கூட ஒரு ஆள் இருக்கணும்."

"மீனாட்சி இருக்கா."

"மீனாட்சி பக்கத்து வீடு. நான் சொல்றது வீட்டுக்குள்ள, ராத்திரியும்."

"ஆமினா வருவா."

வாயில் வந்துவிட்டது. அதுவரை நினைக்கவே இல்லை என்று இங்கே எழுத முடியாது.

லூர்து சிரித்துவிட்டாள். "ஆமினா ஆயாவா? அவங்களுக்கே எந்திரிச்சு நிக்க ஆள் வேணும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தூக்கிக்கிட்டுக் கெடப்பீங்களா?"

"ஆமா."

"அவங்களைக் கேட்டீங்களா?"

தட்டுகளை அடுக்கினேன். அவள் என் மகள், புரிந்துகொண்டாள். "சரி. வர்றேன்னு அவங்க எழுத்துல காட்டுங்க. பத்தொம்பதாம் தேதி கார் எடுத்துக்கிட்டு வர்றோம். கடிதம் இருந்தா மீன் கொழம்பு சாப்பிட்டுட்டு நாங்க திரும்பிடுறோம். இல்லேன்னா நீங்க கார்ல ஏறணும். பேச்சு மாறக் கூடாது."

"உங்கம்மா என்னைக்குப் பேச்சு மாறியிருக்காங்க?" என்றார் மாப்பிள்ளை. மாறியதில்லை. அதுவும் இப்போது எனக்கு எதிராகத்தான்.

போகும்போது கொடியை மேலே ஏற்றிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அழகாக இருக்கட்டும் என்று.

செவ்வாய், 7

வெயில். துணி அத்தனையும் நாற்காலி முதுகில், சன்னல் கம்பியில்.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த இடது காலில் நூல் சுற்றினேன்.

கொண்டை முடிய அரை மணி. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இடது கையால். மீனாட்சி தண்ணீர் கொண்டுவந்தவள் பார்த்துவிட்டாள்.

"இங்கிட்டு உக்காருங்க, ஒரு நிமிசத்துல முடிஞ்சு விட்டுர்றேன்."

"வேண்டாம்."

"எதுக்குங்க இம்புட்டு வீம்பு? ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் செய்ய மாட்டேனா?"

செய்வாள். இரண்டு வேளையும் தண்ணீர் இறைத்துத் தருகிறாள், பாதி வழியில் சிந்தி, பேசிக்கொண்டே. நான் அவளுக்கு என்ன செய்கிறேன்? ஒன்றும் இல்லை. அவளுக்கு இரண்டு கையும் இரண்டு காலும் இருக்கின்றன, என்னிடமிருந்து எதுவும் தேவைப்படாது. வாங்கிக்கொண்டே இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

மத்தியானம் தூங்கவில்லை. அவர் போனபோது எனக்கு இருபத்தைந்து, லூர்து கைக்குழந்தை. நேற்று அவர் முகத்தை நினைக்கப் பார்த்தேன். போட்டோவில் இருக்கும் முகம்தான் வந்தது. ஆமினாவின் கை மட்டும் நினைக்காமலேயே வருகிறது. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, விரிப்பின் ஓரத்தை இரண்டு சுற்று சுற்றிப் பிடிப்பாள். வேலை முடிந்த விடியலில் வார்டு வராந்தாவில் நின்று ஒரே குவளைக் காபியை இரண்டாக ஆற்றுவாள். எனக்கு நுரை உள்ள பாதி. ஏன் என்று கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவள் ஊருக்குப் போன அன்று புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், படியில் ஏற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு: "சிஸ்டர், இனிமே அந்தப் பக்கம் ஆரு புடிப்பா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"சன்னலோரம் உக்காராதே, சாரல் அடிக்கும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

புதன், 8

காதர் ராவுத்தர் கடை. மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சீயக்காய். கோட்டைப்பட்டினத்துக்குக் கருவாடு எடுக்கப் போய்வந்தாராம். நான் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார்.

"ஆமினா லாத்தாவைப் பாத்தேங்க சிஸ்டர். நல்லாத்தான் வச்சிருக்காங்க. ஒரு முக்காலி போட்டு உக்கார வச்சிருக்காங்க. தரையில உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். ஆனா கை இருக்கு பாருங்க, அம்மாடி! கெணத்துல எறைக்கிறது இன்னமும் அவங்கதான். மருமக கயித்தப் புடுங்குனாலும் விட மாட்டேங்குறாங்க."

"என்னைக் கேட்டாளா?"

கடையில் நான்கு பேர். கேட்டிருக்கக் கூடாது.

"கேக்காம? சிஸ்டர் இன்னமும் போர்வை மூலைய அளந்துதான் மடிக்கிறாங்களான்னாங்க. மடிப்பு நேரா இல்லேன்னா திரும்ப விரிக்கச் சொல்லுவாங்க ராவுத்தரே, புள்ள பெத்தவ நின்னுக்கிட்டுக் கெடந்தாலும் சரின்னு ஒரே சிரிப்பு."

"நேரா இல்லேன்னா விரிக்கத்தான் வேணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும், வாசலுக்கு வந்த பிறகு.

ராவுத்தர் திங்கட்கிழமை மறுபடி போகிறார். கடிதம் கொடுத்தால் கையில் சேர்ப்பார்.

சீயக்காயைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வியாழன், 9

நான்கு முறை எழுதி நான்கையும் கிழித்தேன்.

சிரமம் இது. ஆமினாவுக்குப் படிக்கத் தெரியாது. தம்பி மகன் உரக்கப் படிப்பான், மருமகள் நிற்பாள், பிள்ளைகள் நிற்கும். அவர்கள் வாயில் வரக்கூடிய வார்த்தைகளை மட்டும் எழுத வேண்டும். 'உன் நினைவாகவே இருக்கிறது' என்பதைக் கருவாட்டு வியாபாரியான அந்தத் தம்பி மகன் வாய்விட்டுப் படிப்பதா? அடித்தேன்.

'எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும்' என்றால் வேலைக்குக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது. அடித்தேன்.

'உனக்கும் அங்கே சிரமமாக இருக்கும்' என்றால் அவர்களுக்குக் குறை. அதுவும் அடித்தேன்.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழகவில்லை. டாக்டரம்மாவிடம்கூட 'வேண்டும்' என்று சொன்னதில்லை, 'தேவைப்படுகிறது' என்பேன்.

இரவு சோறு மிச்சம். தண்ணீர் ஊற்றினேன்.

வெள்ளி, 10

காலையில் மூட்டம், பிறகு தெளிந்தது. நகர்ந்த ஓட்டை ஆள் வந்து சரிசெய்தான். கொடியைத் தாழ்த்தச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. இருக்கட்டும் அந்த உயரத்திலேயே.

இதோ முடித்த கடிதம். நாளை நல்ல தாளில் எடுத்தெழுத வேண்டும்.

'அன்புள்ள ஆமினாவுக்கு. இங்கு நலம். உன் வீட்டில் அனைவரும் நலமா? ராவுத்தர் சொன்னார். போர்வை மூலையை இன்னும் அளந்துதான் மடிக்கிறேன்.

என் வீட்டில் கிணறு இருக்கிறது, இறைக்க எனக்குத் தோள் இல்லை. அடுப்பு தரையில் இருக்கிறது, குனிந்து ஊத உனக்கு முழங்கால் இல்லை, எனக்கு இருக்கிறது. துணியை நீ கொடியில் போடு, கீழே விழுந்ததை நான் எடுக்கிறேன். என் கொண்டையை நீ முடிந்துவிடு, உன் கால் நகத்தை நான் வெட்டிவிடுகிறேன். நீ தொழ மேற்குச் சன்னல் பக்கம் நாற்காலி போட்டு வைக்கிறேன். வெள்ளிக்கிழமை நான் கறி தொடமாட்டேன், நீ சாப்பிடலாம், சட்டி வேறு.

உன்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. வேலையை இருவரும் முடித்துவிட்டோம். ஒன்றாம் தேதி புதன்கிழமை அண்டாவைத் தூக்கப் போய் உன் பக்கத்தை உனக்கே விட்டுவிட்டேன். ஊரில் விழுந்தேன் என்கிறார்கள். நம்பாதே.

தம்பி மகனுக்கும் மருமகளுக்கும் ஒன்று: உங்கள் வீட்டில் எந்தக் குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களைக் கேட்டுத்தான் கூப்பிடுகிறேன்.

எனக்கு நீ வேண்டும், ஆமினா.'

இந்த வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை எழுதினேன். படிக்கட்டும். உரக்கவே படிக்கட்டும்.

'பத்தொன்பதாம் தேதி லூர்து கார் கொண்டு வருகிறாள், அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். வருவாயா, மாட்டாயா? ராவுத்தரிடம் வாயால் சொல்லி அனுப்பாதே. யாரையாவது எழுதச் சொல்லி, கடிதமாகப் பதில் போடு.'