எண் ஏழு அடித்த பந்து

ஜனவரி 18, வெள்ளி

காலையில் பனி. ராசிபுரத்திலிருந்து ஆறரை பஸ். சேலத்தில் நாளை பெண்கள் வாலிபால், நாலு நாட்டு அணிகள். எனக்குக் கோட்டு நடுவர் வேலை. பெண்களைக் கோட்டில் நிறுத்துவது இதுவே முதல் தடவையாம். ராசிபுரத்து பி.டி. டீச்சருக்கு வந்த வாழ்வு! சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

எடுத்து வந்தவை: வெள்ளைச் சேலை 3, வெள்ளை ரவிக்கை 3, கேன்வாஸ் ஷூ, தைலம், விதிப்புத்தகம், உரக்கடையில் கொடுத்த இந்த டைரி.

பஸ் ஏறும்வரை மாமியார் புலம்பல். "கட்டுக்கழுத்தி வெறும் வெள்ளைச் சீலை கட்டறதா சாமி? ஒரு செவப்புக் கரையாச்சும் இருக்கட்டும்." விதியில் கரைக்கு இடமில்லை. பொட்டைப் பெரிதாக வைத்துக்கொள்கிறேன் என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன்.

தங்கல் கொண்டப்பநாயக்கன்பட்டியில், நாத்தனார் மல்லிகா வீடு. "வாங்க நங்கையா" என்று வாசலிலேயே என் பையை வாங்கிக்கொண்டாள்.

19, சனி

மத்தியான வெயில் சுள்ளென்று. எழுத்தெல்லாம் கோணல்.

அரையிறுதி. நம் அணியும் பச்சை உடுப்பு அணியும். (அந்த நாட்டின் பெயரை எழுதவே கூச்சம். பச்சை என்றே இருக்கட்டும்.) ஐந்தாவது செட். நாம் 14, அவர்கள் 13. சர்வீஸ் நம்முடையது. ஒரு பாயிண்ட் வந்தால் ஜெயம். பச்சையின் கேப்டன், எண் ஏழு, ஒல்லிப் பெண். வலையின் ஓரத்திலிருந்து நேராக அடித்தாள். என் மூலை, என் கோடு.

"அவுட்டு!" என்று கூட்டம் கத்தியது. என் சிவப்புக் கொடி மேலே போயிற்று. ஆட்டம் முடிந்தது. ஜனம் மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டது.

பந்து மூங்கில் தடுப்பில் பட்டு என் காலடிக்கே திரும்பி வந்தது. எடுத்தேன். செம்மண் ஏறிய பந்தில் ஒரு பக்கம் மட்டும் சுண்ணாம்பு, விரல் நீளத்துக்கு. கோட்டில் பட்டால்தான் சுண்ணாம்பு ஒட்டும். கோட்டில் பட்டால் உள்ளே.

அதைப் பார்த்துக்கொண்டே முந்தானையால் துடைத்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை, சத்தியமாக. பந்தைத் துடைக்காமல் யார் கையிலும் கொடுக்காதே என்று பத்து வருடமாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பாடம். வெள்ளைச் சேலையில் சுண்ணாம்பு எங்கே தெரியப்போகிறது.

எண் ஏழு யாரிடமும் போய் வாதாடவில்லை. என் மூலையை ஒரு தடவை பார்த்தாள். குனிந்து ஒரு வணக்கம். போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

20, ஞாயிறு

ஓய்வு நாள். ஆட்டம் இல்லை. இட்லி இறங்கவில்லை.

கொடி போனது கூட்டத்தின் சத்தத்துக்கு முன்னாலா, பின்னாலா? எத்தனை தடவை நினைத்தாலும் பின்னால்தான். நான் பார்த்துத் தூக்கவில்லை. கேட்டுத் தூக்கினேன்.

பத்து மணிக்குத் தலைமை நடுவரைப் பார்க்க லாட்ஜுக்குப் போனேன். நல்ல மனிதர். எல்லாவற்றையும் சொன்னேன், துடைத்ததையும். பேப்பரை மடித்து வைத்தார்.

"ஸ்கோர் சீட்டுல ரெண்டு கேப்டனும் கையெழுத்துப் போட்டாச்சுங்க டீச்சர். இனி யாரு வந்தாலும் மாத்த முடியாது."

"அந்தப் புள்ளகிட்டயாச்சும் சொல்லிடறனுங்க சார்."

"சொல்லி? பொம்பளைங்க வேண்டாம்னு கமிட்டியில எத்தனை பேரு குதிச்சாங்க தெரியுமுங்களா? நாந்தான் மல்லுக்கட்டி உங்க ரெண்டு பேரையும் கோட்டுல நிறுத்துனேன். நீங்க வாயத் தொறந்தா அடுத்த தடவை ஒருத்தரையும் கூப்பிட மாட்டாங்க. சரோஜா டீச்சரையும் சேத்துத்தான்."

சரோஜா நாமக்கல்காரி. எதிர் மூலையில் நின்றவள், ஒரு தப்பும் செய்யாதவள். எழுந்து வந்தேன். வரும் வழியில் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை. மல்லிகா சொன்னது மிளகு. வாங்கி வந்தது சீரகம், அதுவும் இரண்டு கடையில்.

21, திங்கள்

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். பச்சை அணி. மறுபடியும் அதே மூலையில் நான். கண் இமைக்கவே பயம், தண்ணீராக வடிந்தது. மூன்று செட்டிலும் சுலபமாக ஜெயித்தார்கள். எண் ஏழு என்னைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சின்னத் தலையசைப்பு.

பிறகு இறுதி ஆட்டம். நம் அணி படுதோல்வி. சரோஜா அழுதாள். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி, கேவலமான நிம்மதி. அதுவும் நிலைக்கவில்லை. பின்னால் ஒருவர்: "பச்சைக்காரிங்க வந்திருந்தா நல்ல ஆட்டம் பாத்திருக்கலாமுங்க." பக்கத்து ஆள்: "ஆமாங்க, கோப்பையே அவங்களுதுதான்."

நாளை வெளிநாட்டு அணிகளுக்கு ஏற்காடு. திரும்பும்போது மலையடிவாரத்தில், இங்கேதான், டீக்கு நிற்குமாம். பிறகு நேரே ரயிலுக்கு. சரோஜா பேச்சுவாக்கில் சொன்னது. எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

22, செவ்வாய்

மேகமூட்டம். மூன்று மணியிலிருந்தே டீக்கடை எதிரில் நின்றேன். மல்லிகாவும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தாள். சரோஜாவை நினைத்து இரண்டு தடவை வீட்டுப் பக்கம் திரும்பினேன். நாலே காலுக்கு பஸ் வந்தது.

எண் ஏழு கையில் டீ கிளாஸ். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்க்கிற ஆள் முன்னால் காரில் போய்விட்டான். இந்த டைரியைத் திறந்து ஆடுகளம் வரைந்தேன். வலை. கோடு. கோட்டின் மேல் ஒரு புள்ளி. பக்கத்தில் 7. என்னைத் தொட்டுக் காட்டினேன், கொடி தூக்குவதுபோல் கையைத் தூக்கினேன், இல்லை இல்லை என்று தலையாட்டினேன், கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பேனாவை வாங்கி, படத்தின் குறுக்கே பெரிதாக அவள் பெயரை எழுதினாள்! வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டாள். பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஹாரன் அடித்தது. பஸ் போய்விட்டது.

சரோஜா பிழைத்தாள். நானும்தான். ஆனால் நெஞ்சில் இருந்தது அப்படியே இருக்கிறது.

மல்லிகா டைரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடேங்கப்பா, ஒருத்தர் பாக்கியில்லாம போட்டிருக்காங்களே! ஏனுங்க நங்கையா, இந்தத் தாளைச் சட்டம் போட்டு உங்க பள்ளிக்கூடத்துல மாட்டுங்க. புள்ளைங்க பாக்கட்டும்."

சரி என்றேன்.