உரித்துப் போட்ட மறைப்பு

கோபம் தீராவிட்டாலும் அன்புள்ள என்றுதான் எழுத வருகிறது. அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் அக்காவைத் தனியாக விட்டுப் போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. குறிஞ்சிப்பாடியில் அக்கா நன்றாக இருக்கிறாள். உங்கள் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா இப்போது கடலூரில் என் மேசைமேல் இருக்கிறது. கருமாதி முடிந்த மறுநாள் அக்காதான் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கித் திறந்துகூடப் பார்க்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

அந்தக் கேமராவில் எட்டிப் பார்த்தால் நடுவே ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதில் முகம் இரண்டாக நிற்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் படம் தெளிவாக வரும். பக்கவாட்டில் வெயில் அடித்தால் கட்டம் வெளுத்துப்போய் ஒன்றும் தெரியாது. இதற்காகவே முன்பக்கச் சின்னக் கண்ணாடியில் ஒட்டுகிற பிளாஸ்டிக் மறைப்பைத் தேடி வரவழைத்தேன். அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள் உங்கள் எதிரிலேயே ஒட்டினேன். ஞாபகம் இருக்கிறதா?

மறுநாள் காலை சிதம்பரம் மேல வீதி. பின்னால் கோபுரம், நடுவில் அம்மா, சுற்றிலும் நாங்கள் நான்கு பிள்ளைகள். "ஒருத்தரும் செல்போன எடுக்கக் கூடாது, நான் ஒரு ஆளு போதும்" என்றீர்கள். பிறகு மறைப்பைப் பார்த்து முகம் சுளித்தீர்கள்.

"டேய் மச்சான், ஒட்டுப் போட்ட கேமராவுல எடுக்க நான் என்ன கத்துக்குட்டியா?"

நகத்தால் பிய்த்துத் தெருவில் போட்டீர்கள். வெயில் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. முகம் மட்டும் எடுப்பாக வரவேண்டும் என்று லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தீர்கள். அப்படி வைத்தால் குறி கொஞ்சம் தவறினாலும் முகம் கலங்கிவிடும். கட்டம் வெளுத்திருக்கும். உங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

ஃபிலிம் ரோல் முடியட்டும் என்று இரண்டு மாதம் போட்டு வைத்தீர்கள். அது கழுவி வருவதற்குள் அம்மா போய்விட்டார். படத்தில் கோபுரத்துப் பொம்மைகள் ஒவ்வொன்றும் துல்லியமாக இருந்தன. முன்னால் நின்ற எங்கள் முகமெல்லாம் கலங்கி, அம்மாவுக்குக் கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை.

"இவன் கோந்து வெச்சி ஒட்டுனான் பாரு, அது கண்ணாடியில எறங்கிடுச்சி" என்றீர்கள், துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும். எவ்வளவு பெரிய பொய்! கோந்து எங்கே, லென்ஸ் எங்கே? வீட்டு மாப்பிள்ளையைச் சபையில் எதிர்த்துப் பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து அம்மாவின் கடைசிப் படத்தைக் கெடுத்தவன் நான்தான். பெரியண்ணன் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உங்கள் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா?

போன ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். புது மறைப்பு ஒட்டி, அக்காவை வெயில் பக்கவாட்டில் விழும்படி நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். பிறகு அதை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் கேமராவைக் கீழே வைத்துவிட்டாள்.

"தெரியும்டா. அவுரு பிச்சிப் போட்டத நான் பாத்துகினுதான் நின்னேன்."

"அப்பறம் ஏங்கா சொல்லல?"

"சொன்னா அவுரால எல்லார் முன்னாடியும் தல நிமிர முடியாது. நீ தாங்கிக்குவன்னு நெனச்சிட்டேன்."

மாமா, உங்கள்மேல் வந்த கோபத்தைவிட அந்த வார்த்தை அதிகமாகச் சுட்டது. நான் தாங்குவேன் என்று நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. எழுந்து கிளம்பிவிட்டேன். வாசல் வரைக்கும் வந்த அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எல்லாத்தையும் ஒரு காயிதத்துல எழுதிக் குடு. அவுரு மொதல் திதிக்கி எல்லாரும் வருவாங்க. அண்ணன் எதிர்ல நானே படிக்கிறேன்."

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, உங்களுக்காக ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. அவள் படிக்கும்போது குரல் உடைந்தால் நான் பக்கத்தில் நிற்பேன். ஆனால் காகிதத்தை வாங்கிப் பாதியில் மடிக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மாமியாரின் கடைசிப் பிள்ளை