கத்தரியும் மஞ்சள் செம்பருத்தியும்

என்னங்க,

செடி வெட்டுகிற கத்தரி கிடைத்துவிட்டது. ஒளித்து வைக்க அரிசி டப்பாதானா அகப்பட்டது? இந்த வீட்டில் தினமும் சமைப்பது யார் என்று யோசித்திருக்கலாம்.

மஞ்சள் செம்பருத்தியில் மூன்று கிளை வெட்டிவிட்டேன். "கேக்கறவங்களுக்கெல்லாம் ஒடிச்சுக் குடுத்தா நமக்கு என்ன மிஞ்சும்?" என்று காலையில் குதித்தீர்களே, இப்போதும் தாராளமாகக் குதியுங்கள். நான் வேலைக்குப் போய்விட்டேன்.

ஐந்து மணிக்கு எதிர்வீட்டுத் தையல்கார அக்கா வருவார். கிளைகளை ஈரத்துணியில் சுற்றி, வாசல் பக்கம் வாளியில் வைத்திருக்கிறேன். சிரித்த முகமாகக் கொடுங்கள்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். போன வருடம் வெளியூர் போகிற அவசரத்தில் நீங்கள் அள்ளிக் கொட்டிய உரத்தில் நம் செடி கருகிப்போனது. திரும்பி வந்து பார்த்தால் உங்கள் முகம் வாடிவிடுமே என்று அழுதுகொண்டு நின்றேன். நான் எப்போதோ கொடுத்த கிளையில் அக்கா ஒரு செடி வளர்த்திருந்தார். "இந்தா, வெச்சுக்கோ" என்று அதை வேரோடு பெயர்த்துத் தந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் தொட்டி காலி. வருகிறவர்களிடமெல்லாம் "எல்லாம் என் கைராசி" என்று நீங்கள் காட்டுவது அவருடைய செடியை.

சாப்பாடு அடுப்பு மேடையில் இருக்கிறது. உப்பு சரியாகத்தான் போட்டிருக்கிறேன். வெளியே போனால் சாவியை அக்காவிடம் கொடுங்கள்.

பி.கு.: கத்தரியை மறுபடி ஒளித்தால், அடுத்த முறை கிளை இல்லை, செடியையே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.