காணாமல் போனவருக்கு எள்ளுத் தண்ணீர்

பர்மா காட்டுக்குள் போய் இன்னும் வீடு திரும்பாத என் நைனாவுக்கு,

பட்டாளத்தில் நீ போனபோது உனக்கு இருபத்தாறு. எனக்கு இப்போது எண்பத்துநாலு. நேரில் வந்தால் நீதான் என்னைப் பார்த்து எழுந்து நிற்கணும், தெரியுமா?

திருப்பதியில் படிக்கிற உன் கொள்ளுப்பேத்தி ரேவதி போன வாரம் நம்ம ஊர் பாலசமுத்திரம் வந்தாள். நீ போன யுத்தத்தில் எந்த நாட்டுச் சிப்பாய்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று போனில் ஒரு படம் காட்டினாள். நாட்டுக்கு ஒரு கோடு. ரஷ்யாவின் கோடு போனை விட்டே வெளியே ஓடுகிறது.

“ஜெயிச்சது யாரும்மா?”

“ரஷ்யா பக்கம்தான் தாத்தா.”

“ஜெயிச்சவனே இவ்ளோ பேரைக் குடுத்துட்டானா? தோத்திருந்தா பொதைக்கக்கூட ஆள் இருந்திருக்காதே!”

அவள் சிரிக்கவில்லை.

ஜெர்மனி, ஜப்பான் எல்லாமே நீளம். நம் கோடு நகக்கண் அளவுதான். உன்னைச் சுட்டவனும் செத்து, ஜப்பான் கோட்டில் படுத்திருக்கிறானோ என்னவோ. அந்த நகக்கண்ணுக்குள் நீ இருக்கிறாயா? எனக்கு அதுதான் தெரியணும்.

உன்னைப் பற்றிப் பட்டாளத்திலிருந்து தந்தி வந்த அன்று தபால்காரர் தெலுங்கில் “கனபடலேது” என்றாராம். காணவில்லை என்று அர்த்தம். அம்மா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

“காணாம போன மாடே திரும்பி வருது. மனுசன் வரமாட்டாரா?”

பொட்டை அழிக்கவே இல்லை. அமாவாசைக்கு நான் எள்ளை எடுத்தால் கையைத் தட்டிவிடுவாள். “உசுரோட இருக்கறவருக்கு எள்ளு எறைப்பியாடா?” பூவும் பொட்டுமாகத்தான் செத்தும் போனாள். அதற்கப்புறமும் எனக்குக் கை வரவில்லை.

படத்துக்கு அடியில் பொடி எழுத்து இருந்தது. எனக்குப் படிப்பு மூணாங்கிளாசோடு சரி. ரேவதிதான் படித்தாள்.

“தாத்தா, செத்தவங்களையும் காணாம போனவங்களையும் ஒண்ணாத்தான் கூட்டிக்கினு இருக்காங்க.”

“எல்லா நாட்டுக்குமா?”

“எல்லா நாட்டுக்கும்தான்.”

அப்படியென்றால் அந்த நகக்கண்ணுக்குள் நீயும் இருக்கிறாய். அத்தனை நாடும் ஒன்றாகக் கூட்டியதை அம்மா ஒருத்தி பிரித்தே வைத்திருந்தாள், நைனா. ஒருத்திதானா? ரஷ்யாவின் அந்த நீளக் கோட்டில் எத்தனை பேருக்கு எத்தனை பேர் சோறு எடுத்து வைத்துக் காத்திருந்தார்களோ?

வருகிற அமாவாசைக்கு நாராயணவனம் போகிறேன். குளத்தில் இறங்கி உன் பேரைச் சொல்லி எள்ளுத் தண்ணீர் விடுவேன். இது சத்தியம். அம்மா அங்கே உன் பக்கத்தில் இருந்தால், இந்த ஒரு தடவை என் கையைத் தட்டிவிட வேண்டாம் என்று நீதான் சொல்லணும்.

உன் முகம் தெரியாத, உன்னைவிட மூத்த உன் மகன்,
கோவிந்தன்