எஜமானி கொடுத்த சம்மதம்

கரின் மைடோ,
ஜின்டர் வட்டாரம், நைஜர் நாடு,
தியாகத் திருநாளுக்கு முந்தைய மாதம்.

அபிஜான் சந்தையில் துணி விற்கும் என் மூத்த மகனுக்கு உன் அப்பா முத்தாரி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், அதாவது குறை சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எல்லாருக்கும் உடம்பில் தெம்பு இருக்கிறது. உன் உடம்பையும் கடையையும் ஆண்டவன் அதே தெம்போடு வைத்திருப்பானாக. மூத்த பிள்ளையின் பெயரைப் பெற்றவர்கள் வாயால் சொல்வது நம்மில் வெட்கக்கேடு என்பது உனக்குத் தெரியும். என் பேனாவுக்கும் அந்த வெட்கம் உண்டு என்பதை இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போதுதான் கண்டுகொண்டேன், ஆகவே பெயர் இல்லாமலேயே வாங்கிக்கொள். உன் அம்மா ஹப்சூவுக்கு நீ இன்னும் "அந்த ஆள்"தான். அந்த ஆளு சாப்பிடுறானா, அந்த ஆளுக்கு இருமல் விட்டுச்சா என்று தினமும் என்னைக் கேட்கிறாள், நானும் ஏதோ வழிப்போக்கனைப் பற்றிச் சொல்வதுபோலப் பதில் சொல்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்பாய். நம் வீட்டுப் போன் ஒலிபெருக்கியில்தான் பேசும், தெருவே உட்கார்ந்து கேட்கும். தவிரவும் நான் சொல்லவேண்டிய விஷயம் அப்பனும் மகனும் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடியதல்ல. காகிதத்துக்கு முகம் இல்லை. அபிஜான் பேருந்தில் வரும் தையல்காரர் ஹம்சாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உன் அம்மா மிளகாயும் வேர்க்கடலையும் தடவிக் காயவைத்த கிலிஷி இறைச்சி ஒரு பொட்டலம் வைத்திருக்கிறாள். ஹம்சாவுக்கு வழியில் பசிக்காமல் இருந்தால் உனக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

மழை இன்னும் வரவில்லை. கம்பு விதை பானையில் காத்திருக்கிறது. கிணறு வருஷா வருஷம் கொஞ்சம் இறங்குகிறது, கிணற்றைச் சுற்றி நிற்கும் வாளிகள் வருஷா வருஷம் கொஞ்சம் கூடுகின்றன. நான் பூகோளம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்த பெஞ்சில் இப்போது ஐந்து பேர் உட்கார்கிறார்கள், ஓரத்தில் இருப்பவன் தும்மினால் கீழே விழுந்துவிடுகிறான். உலகத்திலேயே அதிகப் பிள்ளை பெறுகிறவர்கள் நாம்தான் என்று வானொலி வாரம் ஒருமுறை சொல்கிறது. கால்பந்தில் கிடைக்காத முதலிடம் இதிலாவது கிடைத்ததே என்று சந்தையில் சிலருக்குச் சந்தோஷம். போன மாதம் தலைநகரிலிருந்து வெள்ளைக் கார்களில் வந்து "பெண்ணின் விருப்பம்" என்று ஒரு கூட்டம் போட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று என்னையும் மேடையில் ஏற்றினார்கள். மேடையில் பதினொரு ஆண்கள். பெண்கள் பின்னால் சமையலில் இருந்தார்கள், சோறு மிக நன்றாக இருந்தது. பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி விடுவதைப் பெண்களே தீர்மானிக்கவேண்டும் என்று ஆண்கள் நாங்கள் ஒருமனதாகத் தீர்மானித்தோம். இமாமும் நல்லவிதமாகவே பேசினார், தாய் இரண்டு வருஷம் பால் கொடுக்கவேண்டும் என்று வேதத்திலேயே இருக்கிறதே, நடுவில் அவசரப்படச் சொன்னது யார் என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒன்பது பெற்ற நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மெதுவாக ஆட்டினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ ஒவ்வொரு வருஷமும் பெருநாளுக்கு வருகிறாய், விதைப்பு முடித்துவிட்டுப் போகிறாய். கம்பு மூன்று மாதத்தில் விளைகிறது, மற்றது ஒன்பது மாதத்தில் விளைகிறது. இப்படி நான்கு வருஷத்தில் நான்கு, ஒன்றுகூடத் தவறவில்லை. நம் நிலம் இந்த ஒழுங்கில் பாதியைக் காட்டியிருந்தால் நீ அபிஜானுக்கே போயிருக்கவேண்டாம். கடைசியாகச் சகீனா பிறந்தபோது உன் மனைவி பல்கீசாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. உனக்குப் போனில் "கொஞ்சம் பலவீனம்" என்றுதான் சொன்னோம். உண்மை என்னவென்றால், ஆம்புலன்சுக்கு டீசல் இல்லாமல் வெங்காய வண்டியில் போட்டு ஜின்டருக்குக் கொண்டுபோனோம். வெங்காயத்தின் மேல் படுத்திருந்தவள் முகம் வெள்ளைத் துணிபோல இருந்தது, உன் அம்மா வழியெல்லாம் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். பிழைத்தாள். நம்மூர் மருத்துவச்சி டிக்கோ அப்புறம் உன் அம்மாவிடம் சொன்னது இதுதான்: இவளுக்கு உடம்புல ரத்தம் ஊறவே ரெண்டு வருஷம் ஆகும், அதுக்குள்ள அடுத்தது வந்துச்சுன்னா என்னைக் கூப்பிடாதீங்க, குழி வெட்டுறவனைக் கூப்பிடுங்க.

இதன்பிறகுதான் நீ போன வாரம் போனில் உன் தம்பியிடம், அடுத்தது பையன்தான்டா, பெயர்கூடப் பார்த்துட்டேன் என்று சிரித்தாய். நல்ல சிரிப்பு, தெரு முழுக்கக் கேட்டது. முற்றத்தில் பல்கீசா கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கைச் சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

அவள் டிக்கோவிடம் ஏற்கெனவே இரண்டு தடவை போயிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. தீக்குச்சி அளவில் ஒரு குச்சி இருக்கிறதாம், முழங்கைக்கு மேலே தோலுக்கு அடியில் வைத்துவிட்டால் சில வருஷம் கரு தங்காது, வேண்டும்போது எடுத்துவிடலாம், பிறகு பெற்றுக்கொள்ளலாம். முதல் தடவை போனபோது குச்சி வந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை குச்சி இருந்தது, ஆனால் மருத்துவ நிலையத்துப் பொறுப்பாளன் கௌஜி, புருஷன் சம்மதம் எங்கே என்று திருப்பி அனுப்பிவிட்டான். இந்தக் கௌஜி உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் படித்தவன்தான், நைஜர் நதி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பரீட்சையில் கேட்டதற்கு "அரசாங்கம் சொல்லும் பக்கம்" என்று எழுதியவன். அப்போதே அவன் பெரிய பதவிக்கு வருவான் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா என்னிடம் வந்து, இந்தத் தடவை ஒரு ஆம்பளை கூட வரணும், கிளம்புங்க என்றாள். முன்னால் நான், நடுவில் உன் அம்மா, இருபது அடி பின்னால் சகீனாவை முதுகில் கட்டிக்கொண்டு பல்கீசா என்று மருத்துவ நிலையத்துக்குப் போனோம். மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசக்கூடாது என்பதால் எங்கள் ஊர்வலம் மிக அமைதியாக இருந்தது.

கௌஜி எழுந்து நின்று, வாங்க வாத்தியாரையா, உட்காருங்க, உடம்பு சௌக்கியமா, வீட்ல சௌக்கியமா, ஆடுமாடு சௌக்கியமா என்று முறைப்படி எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, புருஷன் பேரைச் சொல்லச் சொல்லுங்க, அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டா முடிஞ்சது வேலை என்றான். பல்கீசா தரையைப் பார்த்தாள். பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லலாமா? சரி, அம்மா சொல்லுங்க என்றான். உன் அம்மா கூரையைப் பார்த்தாள். மூத்த பிள்ளை பெயர் அவள் வாயில் வருமா? அப்ப நீங்களாவது சொல்லுங்கய்யா என்றான். நான் சுவரில் இருந்த கொசுவலை விளம்பரத்தை ஆழ்ந்து படித்தேன். மூன்று பேர் குடும்பமாக வந்து நிற்கிறோம், நீ யார் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் இல்லை. அவன் பேரு உனக்குத் தெரியாதாடா, அவனோட சேர்ந்து எத்தனை மாங்காய் திருடியிருக்கே என்று கேட்டேன். எனக்குத் தெரியும்யா, ஆனா குடும்பத்து வாயால வரணும், அதுதான் முறை என்றான். கடைசியில் பெயர் இல்லாமலேயே உன் எண்ணைக் கொடுத்தோம், அடித்தான், மறுபடி அடித்தான், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதில் யார் என்ன பேசியிருப்போம் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, ஆகவே எடுக்காததற்கு உனக்கு நன்றி சொல்கிறேன். அப்படின்னா அவர் வந்ததும் கூட்டிட்டு வாங்க என்றான் கௌஜி. நீ வந்ததும்! வீடு எரிந்து முடிந்ததும் தண்ணீர் கொண்டுவரச் சொல்வதுபோல.

அப்போதுதான் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்த டிக்கோ வெளியே வந்தாள். அவள் மாடு மேய்க்கும் ஃபுலானி இனம், நாம் கனூரி இனம். கனூரிக்கும் ஃபுலானிக்கும் பாட்டன் காலத்திலிருந்து உள்ள வழக்கத்தில் நீயும் வளர்ந்தவன்தானே, பார்த்த இடத்தில் ஒருவரை ஒருவர் "என் அடிமை" என்று திட்டிக்கொள்ளவேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது, கோபித்தவன் அன்றோடு மனிதர் கணக்கில் இல்லை. அவள் என்னைப் பார்த்ததும், அடடா, என் கிழட்டு அடிமை வந்திருக்கானா, யாரைக் கேட்டு வெளியே வந்தே என்றாள். பால்ல தண்ணி கலக்குறவளுக்கெல்லாம் நான் அடிமை இல்லை, உன்னை ஒரு கன்றுக்குட்டிக்கு மாத்தி வாங்கினதே எங்க தாத்தா, அந்தக் கன்றும் அப்புறம் நஷ்டம்னு சொல்லிட்டாரு என்றேன். வெளியே வரிசையில் இருந்த பெண்களெல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். டிக்கோ சிரிக்கவில்லை. கௌஜி பக்கம் திரும்பினாள். பாரு தம்பி, இந்தக் கிழவன் என் அடிமை, ஊருக்கே தெரியும். அடிமை பெத்த பிள்ளையும் என் அடிமை. அந்தப் பிள்ளை கட்டினவளும் என் வீட்டுச் சொத்து. சொத்துக்காரி நான் சொல்றேன், சம்மதம், குச்சியை எடு என்றாள்.

சட்டத்துல அப்படி எல்லாம் இல்லையே அக்கா என்றான் கௌஜி. புருஷனைக் கேக்கணும்னும் சட்டத்துல இல்லையே, அதை மட்டும் எங்கே படிச்சே என்றாள் அவள். அவன் என்னைப் பார்த்தான். கனூரி ஒருவன் ஃபுலானியிடம் "ஆமாம், நான் உன் அடிமைதான்" என்று ஒப்புக்கொண்டதாக நம் வட்டாரச் சரித்திரத்தில் ஒரு செய்தியும் கிடையாது. நம் முன்னோர்கள் இதைவிடப் பஞ்சத்தில் சாவதையே விரும்பியிருக்கிறார்கள். நான் தொப்பியைக் கழற்றினேன். ஆமாம் எஜமானியம்மா, நானும் என் வீட்டில் உள்ளவர்களும் உங்க சொத்து என்றேன், வரிசையில் கடைசியில் நின்றவளுக்கும் கேட்கும்படி. வெளியே குலவைச் சத்தம் எழுந்தது. எஜமானியும் அடிமையும் ஒத்துப்போன பிறகு நடுவில் நிற்க ஒரு கௌஜி எதற்கு? தலையைச் சொறிந்துகொண்டு அலமாரிச் சாவியைக் கொடுத்தான். பல்கீசா உள்ளே போனாள், சகீனாவுக்குத் தும்மல் வந்து அடங்குவதற்குள் வேலை முடிந்து வெளியே வந்தாள், கையில் வெள்ளைக் கட்டு. இப்போது சந்தையில் ஃபுலானிகள் எல்லாம் என்னைப் பார்த்துத் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். ஒருவன் நேற்று தன் எருமையைக் குளிப்பாட்டக் கூப்பிட்டான். எருமை இல்லாத ஊரில் இது பெரிய அவமானம் இல்லை, போகட்டும்.

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இதற்குப் பிறகு நடந்தது. மறுநாள் காலை நான் சுவருக்கு இந்தப் பக்கம் வானொலி கேட்டுக்கொண்டிருந்தேன், பல்கீசா அந்தப் பக்கம் பெருநாளுக்கு வாங்கிய செம்மறிக் கடாவுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள். என்னோடு அவள் பேசக்கூடாது. கடாவோடு பேசலாம். ஏ கடா, அவரு வந்ததும் இதை எடுத்துடுன்னு சொன்னா நான் என்னடா பண்றது, எனக்கு இன்னொரு தடவை அந்த வெங்காய வண்டியில ஏற முடியாதுடா என்றாள். அவள் குரலை நான் அதற்குமுன் இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. வானொலியை நிறுத்தினேன். நானும் கடாவிடமே சொன்னேன்: ஏ கடா, நல்லாக் கேட்டுக்க, அந்தக் குச்சியை எடுன்னு சொல்ற வாய்க்கு இந்த வீட்ல சோறு கிடையாது. அது என் மகன் வாயா இருந்தாலும் கிடையாது. அவ நாலு பிள்ளைகளோட இங்கதான் இருப்பா, வெளியே போறது யாருன்னு அந்த வாய் தீர்மானிக்கட்டும். கடா தின்றுகொண்டே இருந்தது. சுவருக்கு அப்பால் தொட்டியில் இன்னொரு கை தவிடு விழுந்தது. இந்தப் பேச்சுக்குச் சாட்சி அந்தக் கடா ஒன்றுதான், பெருநாள் தொழுகை முடிந்ததும் சாட்சியை நாம் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுவிடுவோம். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

நீ கெட்டவன் இல்லை, தூரத்தில் இருப்பவன். தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளைகள் மட்டும்தான் தெரிவார்கள். பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்காராதே, புழுதி இருமலைக் கிளப்பும். பர்கினா எல்லையில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதே. ஆண்டவன் உன் வழியைச் செம்மையாக்குவானாக, உன் வியாபாரத்தில் பரக்கத்து தருவானாக, நீ பெற்ற நான்கு முகங்களையும் நீ கிழவனாகும்வரை காண வைப்பானாக. ஒன்றை மட்டும் நினைவில் வை. வந்து இறங்கியதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொள், உன் தம்பிகளிடம் எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போட்டுச் சிரி, ஆனால் பல்கீசாவிடம் கையைக் காட்டு என்று கேட்காதே. அவளாகக் காட்டினால் பார்.

இப்படிக்கு
உன் அப்பா,
முத்தாரி புகாரி