முன்வரிசைப் பெஞ்சின் தாழ்ப்பாள்

1638, ஆகஸ்டு 9

வெண்ணெய் திரளவில்லை. வெக்கை என்கிறாள் மருமகள். அவள் கை என்கிறேன் நான்.

ஆகஸ்டு 13

அம்புரோஸ் பந்து உருட்டும் புல்வெளியிலிருந்து சுண்ணாம்பு முகத்தோடு வந்தான். முப்பத்தொன்பது வயது மகன், வாசற்படியை உதைக்கிறான். யார் பந்து இலக்குக்குப் பக்கம் என்று பக்கத்துப் பண்ணை ஹ்யூ பார்டனோடு தகராறாம். பதினோரு பேர் பார்க்க ஹ்யூ சொன்னானாம்: "தோலை ஊறவச்சுப் பிழைச்ச கிழவனோட வம்சம் எனக்கு அளவு சொல்லுதா?"

அம்புரோஸ் கை வாளுக்குப் போயிருக்கிறது, பாதிரியார் பிடித்துக்கொண்டார். வாள்சண்டைக்கு ராஜா தடை போட்டிருக்கிறார். லண்டனில் மானவழக்கு போடப் போகிறானாம்.

ஆகஸ்டு 14

ஹ்யூவுக்கு எப்படித் தெரிந்தது?

ஆகஸ்டு 20

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். அது உண்மைதான். என் கணவர் வால்டரின் தாத்தா லட்லோவில் தோல் பதனிட்டவர். கல்யாணமான வாரம், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு வால்டர் சொன்னார். அவர் போய்ப் பத்தொன்பது வருஷம். நான் யாரிடமும் சொன்னதில்லை. நம் குலச்சின்னக் கேடயத்தில் இருக்கும் மூன்று பருந்தும் பழைய பிரபுக்களோடு நார்மண்டியிலிருந்து பறந்து வந்தவை என்று அம்புரோஸ் இன்னும் நம்புகிறான்.

அப்படியானால் யார்? பழைய காரியஸ்தனா? 1611-ல் பன்றித்தொடை திருடினான் என்று விரட்டினேனே — புகை போட்ட தொடை, எலும்புப் பக்கம் கருகியது. ஆனால் அவனுக்கு அப்போதே காது கேட்காது.

செப்டம்பர் 2

வக்கீல் டாப் வந்தார். இரண்டு கோழியைத் தனியாளாகத் தின்றுவிட்டுச் சட்டம் சொன்னார். ஹ்யூ சொன்னது நிஜம் என்று ருசுவானால் வழக்கு தோற்றது. தோற்றாலும் போகட்டும் — அதோடு விடமாட்டார்கள். அம்புரோஸ் கனவான் இல்லை என்று எழுதிவிடுவார்கள். சர்ச்சில் பலகை அடைத்த எங்கள் முன்வரிசைப் பெஞ்சின் கதவில் செதுக்கிய பருந்துகளைச் சுரண்டி எடுப்பார்கள்.

சாட்சி பதிய அடுத்த மாதம் லட்லோ சத்திரத்துக்குக் கோர்ட்டு ஆட்கள் வருகிறார்கள். பெற்றவள் பேச்சு எடுபடாதாம், என்னைக் கூப்பிடவில்லை. ஹ்யூ தரப்பில் முக்கியச் சாட்சி அவனை வளர்த்த அத்தை ஊர்சுலா.

ஊர்சுலா! 1601 ஈஸ்டர் அன்று எங்கள் பெஞ்சில் தன் மெத்தைகளைப் போட்டு உட்கார்ந்தவள். இரண்டு பச்சை மெத்தை, ஒன்றில் பூச்சி அரித்த ஓட்டை. பெஞ்சு அவர்கள் வீட்டுடையதாம். வால்டர் மெத்தைகளை வாசலுக்கு எறிந்தார், கதவுக்குத் தாழ்ப்பாளும் வைத்தார். அன்றிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை கிடையாது. பாதிரியார் முகம் தெரியாத தூண் பக்கத்தில்தான் உட்காருகிறாள். உட்காரட்டும்.

அதற்கு முன்னால் அவளைப்போல் எனக்கு யாரும் இருந்ததில்லை. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

செப்டம்பர் 11

பொறுக்க முடியாமல் ஊர்சுலா வீட்டுக்கே போய்விட்டேன். கோபத்தைவிடக் குடைச்சல் பெரிதாக இருந்தது.

"வந்துட்டியா? முப்பத்தேழு வருஷமாச்சு. உட்காரு, இங்க தாழ்ப்பாள் கிடையாது" என்றாள். பல் எல்லாம் போயிருக்கிறது, நாக்கு அப்படியே இருக்கிறது.

ஹ்யூவிடம் யார் சொன்னது என்று நேராகக் கேட்டேன். தான்தான் என்றாள். சின்ன வயதில் அம்புரோஸ் அவனை ஆற்றில் தள்ளி அனாதை என்றானாம். அழுதுகொண்டு வந்த பிள்ளையைத் தேற்ற அந்தத் தோல் கதையைச் சொன்னாளாம்.

"உனக்கு யாருடி சொன்னா?"

என்னையே பார்த்தாள். "நீதான்."

நான் எழுந்துவிட்டேன். கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அம்புரோஸ் பிறந்த மூன்றாம் நாள், எனக்குக் காய்ச்சல். "பிள்ளை கையை விரிச்சுக் காட்டி, 'இதைப் பாரு ஊர்சுலா, தோல்தொட்டிக்குன்னே செஞ்ச கை'ன்னே. புருஷன் வீட்டுக் கதை பூரா சொன்னே. ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

எனக்கு நினைவில்லை. மருத்துவச்சி மேலங்கியில் இருந்த கறை நினைவிருக்கிறது. எனக்குக் கொடுத்த சூடான ஒயினில் ஜாதிக்காய் அதிகம், அதுவும் நினைவிருக்கிறது. இது மட்டும் எப்படிப் போனது? நான் சிரித்தேனா?

பிள்ளை பெற்ற அறையில் பெண்கள் பேசுவது வாசல் தாண்டக் கூடாது. இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு.

"தாண்டவிட்டது நான்தான்" என்றாள்.

"பைபிள்ல கை வச்சுக் கேப்பாங்க. என்ன சொல்லப்போறே?"

"கேக்கும்போது பார்க்கலாம்."

கெஞ்சவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 4

அம்புரோஸிடம் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் வெண்ணெயைப் பற்றிப் பேசினேன்.

அக்டோபர் 16

இன்று அவளைச் சத்திரத்தில் விசாரித்தார்கள். கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பார்களாம். ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 21

சாட்சிப் பிரதிகள் வந்தன. ஊர்சுலா சொன்னதை அம்புரோஸ் உரக்கப் படித்தான். "வயது அறுபத்தாறு. ஞாபகம் தளர்ந்துவிட்டது. அந்தக் குடும்பத்தைப் பற்றி அப்படி எதையும் யாரும் சொல்லிக் கேட்டதாக நினைவில்லை."

"கிழவிக்கு மூளை கலங்கிடுச்சும்மா, நமக்கு அதிர்ஷ்டம்" என்று சிரித்தான்.

மூளை கலங்கியவளா? பச்சைப்பிள்ளையின் கையைச் சொன்னாளே. பைபிளில் கை வைத்தே பொய் சொல்லியிருக்கிறாள். தான் வளர்த்த பையனின் தலையைக் கவிழ்த்திருக்கிறாள். எனக்காகவா, அந்த அறைக்காகவா?

1639, ஏப்ரல் 28, ஞாயிறு

தீர்ப்பு எங்கள் பக்கம். அதன்படி ஹ்யூ பிரசங்கத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு மன்னிப்புக் கடிதம் படித்தான். அம்புரோஸ் நான்காவது பருந்தாக நின்றான். நான் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அகலமான கைகள்.

தூண் பக்கம் ஊர்சுலா தலை குனிந்திருந்தாள். நான் தாழ்ப்பாளைத் திறந்தேன். அது கீச்சிட்டதில் சர்ச்சே திரும்பியது.

"வாடி."

வந்தாள். மெதுவாகத்தான். உட்கார்ந்து பலகையைத் தடவிப் பார்த்தாள். "மெத்தை இருந்தா இடுப்பு பிழைக்கும்."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று காதில் கேட்டேன்.

"எப்படிச் சொன்னேன்? பிரசங்கத்தைக் கேளு."

ஏப்ரல் 29

தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். துரு என்று அம்புரோஸிடம் காரணம் சொன்னேன். பச்சைத் துணி இரண்டு மெத்தைக்கு வெட்டியாயிற்று.

செப்டம்பரில் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். வால்டர் எறிந்தார் என்று இருக்கிறது. வால்டர் தாழ்ப்பாள்தான் வைத்தார். எறிந்தது நான்.